மாத்திரை போடாத காலைகள்

என் கணவர் மரக்காணத்துக்கும் பாண்டிக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். ஓடும் பஸ்ஸில் அவர் கம்பியைப் பிடித்து நான் பார்த்ததில்லை. உப்பளத்தை ஒட்டி ரோடு வளையும் இடத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிவார்கள். அவர் மட்டும் இடுப்பை லேசாக ஒடித்து நின்றபடி டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். நான் அங்கன்வாடியில் டீச்சர். கூட்டத்துக்குப் போகும் நாட்களில் அவர் பஸ்ஸில் ஏறினால், "டீச்சரம்மா, உள்ள போங்க, உள்ள எடம் இருக்குது" என்று யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோலச் சொல்வார். பஸ்ஸில் பாதிப் பேருக்கு நான் யாரென்று தெரியும். சிரிப்பார்கள்.

முதலில் மாறியது அவருடைய வலது கை. டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். "டூட்டி முடிஞ்சும் டிக்கெட்டு கிழிக்கிறீங்களே" என்று கேலி செய்தேன். அவரும் தன் கையைப் பார்த்துச் சிரித்தார். ஐம்பதைத் தொட்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு தோள் வலி என்றார். தைலம் தேய்த்தேன். சட்டைப் பித்தான் போட நேரமானது. நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. குரல் தணிந்தது. பஸ்ஸில் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நானே காரணம் சொன்னேன்.

கூனிமேட்டிலிருந்து கருவாட்டுக் கூடையோடு அவர் பஸ்ஸில் ஏறும் ஒரு பெண், ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். வியாபாரத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"பஸ்ல உழுந்துட்டாரும்மா. சீட்ல இருந்த ஒரு பொம்பள மேல சாஞ்சிட்டாரு. அவருக்கு காலு எடுத்து வைக்க வரல, நான் பாத்தேன். அதுக்குள்ள எவனோ, கண்டக்டர் தண்ணி போட்டுட்டு வந்திருக்கான்னு கத்திட்டான்."

"அவரு குடிக்கவே மாட்டாரே."

"அதத்தான் அவரும் சொன்னாரு. பேச்சு கொழறுது, ஆரு நம்புவாங்க? ஒவ்வொருத்தர் மூஞ்சிகிட்டயும் போயி, ஊதிக் காட்டுறேன், மோந்து பாருங்க, மோந்து பாருங்கன்னு ஊதினாரும்மா. எல்லாரும் மூஞ்சத் திருப்பிக்கினாங்க. நான் மோந்து பாத்தேன். ஒண்ணுமில்ல. நான் சொன்னா ஆரு கேக்குறாங்க?"

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். "ஓனரு கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாரு" என்றார். அந்தப் பெண் வந்து போனதை நான் சொல்லவில்லை. பஸ்ஸில் நடந்ததை அவரும் சொல்லவில்லை. சோறு போட்டேன். பிசைந்தார், சாப்பிடவில்லை.

பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விரல்களைத் தட்டச் சொன்னார்கள், நடந்து திரும்பச் சொன்னார்கள், எழுதச் சொன்னார்கள். அவருடைய எழுத்து வரி முடிவதற்குள் எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போனதை அன்றுதான் நான் கவனித்தேன். பார்க்கின்சன் என்றார்கள். மூளையில் ஒரு பகுதியில் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு வருகின்றன, மாத்திரை சிரமத்தைக் குறைக்கும், நோயை நிறுத்தாது என்று பொறுமையாக விளக்கினார்கள். மாத்திரை போட்ட முதல் மாதம் அவரே பித்தான் போட்டுக்கொண்டு தெருவில் கை வீசி நடந்தார். பழைய வேலைக்குப் போய்விடலாம் என்றே இருவரும் நம்பினோம். ஓனர் நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால் இவர் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டிருந்தான்.

இப்படிப் போய் வந்துகொண்டிருந்தபோதுதான் ஒருநாள் ஓர் இளம் பெண் டாக்டர் எங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். பல வருஷம் நடக்கப்போகும் ஓர் ஆராய்ச்சிக்கு ஆட்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நீங்க வரணும். புது மருந்து எதுவும் தர மாட்டோம். நோய் எப்படி மாறிட்டு வருதுன்னு பார்த்துக்கிட்டே இருப்போம். இதனால உங்களுக்கு நேரடியா ஒரு பிரயோஜனமும் இருக்காது, முன்னாடியே சொல்லிடறேன். இஷ்டமில்லன்னா தாராளமா வேணாம்னு சொல்லுங்க. உங்க வைத்தியத்துல எந்தக் குறையும் வராது."

"அப்ப ஆருக்குமா பிரயோஜனம்?" என்று கேட்டார் என் கணவர்.

"இனிமே இந்த நோய் வரப்போறவங்களுக்கு. அதுவும் உடனே இல்ல. கை நடுங்கறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே இது உள்ள ஆரம்பிச்சிடுது. எப்படி ஆரம்பிக்குது, ஏன் ஒருத்தருக்கு வேகமாவும் இன்னொருத்தருக்கு மெதுவாவும் போகுதுன்னு சரியாத் தெரியல. ஒரே ஆளை வருஷக்கணக்கா பார்த்தாத்தான் புரியும்."

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். எனக்கு விருப்பமில்லை. இருக்கிற அலைச்சல் போதாதா என்றிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், பொம்மையார்பாளையம் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

"அன்னிக்கு பஸ் நெறைய ஜனம் இருந்துச்சு. அதுல ஒருத்தனுக்காவது இது வியாதின்னு தெரிஞ்சிருந்தா?"

அந்த நாளைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கே தெரியல. அப்புறம் அவனுங்கள சொல்லி இன்னாமே பண்றது? பாக்கட்டும். என் ஒடம்பப் பாத்துத் தெரிஞ்சிக்கட்டும். எவனும் இனிமே மூஞ்சில ஊதிக் காட்டக் கூடாது."

அப்படித்தான் சேர்ந்தார். கூடவே நானும் சேர்ந்தேன். நோய் இல்லாத ஒருவரையும் அதே மாதிரி வருஷாவருஷம் பரிசோதித்தால்தான் ஒப்பிட முடியும் என்றார் டாக்டரம்மா. கிட்டத்தட்ட அதே வயது, அதே வீடு, அதே கிணற்றுத் தண்ணீர், அதே சாப்பாடு. மனைவியைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா?

முதல் நாளே கேள்விமேல் கேள்வி. சின்ன வயதில் நிலத்தில் பூச்சிமருந்து அடித்தீர்களா, தலையில் அடிபட்டிருக்கிறதா, தூக்கத்தில் கத்துவீர்களா, கையைக் காலை உதைப்பீர்களா, வாசனை தெரியாமல் போனது எப்போது. கடைசிக் கேள்விக்கு அவர் முழித்தார். "வாசன தெரியாமப் போவலயே" என்றார். உடனே சின்னச் சின்னக் குப்பிகளை மூக்கருகே நீட்டிப் பரிசோதித்தார்கள். கிராம்பு, சோப்பு, வாழைப்பழம். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெயைக்கூடத் தண்ணீரா என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மற்ற கண்டக்டர்கள் நாற்றம் என்று இறக்கிவிடுகிற கருவாட்டுக் கூடைகளை அவர் மட்டும் வாங்கி உள்ளே வைப்பார். "எனக்கு ஒண்ணும் நாறலயே" என்பார். நல்ல மனசு என்று கூனிமேட்டுப் பெண்கள் அவரை வாழ்த்துவார்கள். கை நடுங்குவதற்கு எத்தனையோ வருஷம் முன்பு அது. இதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எப்போது வேலைக்குச் சேர்ந்தார், எந்த வருஷம் அந்தப் பெண்கள் ஏற ஆரம்பித்தார்கள் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்து, "அப்ப அது நல்ல மனசு இல்லியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து என் முறை. முதல் குப்பியைத் திறந்ததுமே கிராம்பு என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்க, எனக்கு வாய் வரவில்லை. அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"நீ ஒழுங்கா சொல்லும்மே. நீ தப்பா சொன்னா நான் தப்பா சொன்னதுக்கு மதிப்பு இல்லாமப் போயிடும்."

கிராம்பு என்றேன். சோப்பு என்றேன். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன்.

அந்தப் பரிசோதனைகளில் எனக்குப் பார்க்க முடியாத ஒன்று இருந்தது. அவரை நிற்கவைத்து, டாக்டரம்மா பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துச் சட்டென்று இழுப்பார். தடுமாறாமல் நிற்கிறாரா என்று பார்க்க. ஆரம்பத்தில் ஓர் அடி பின்னால் வைத்துச் சமாளித்தார். போகப் போக மரம் மாதிரி அப்படியே பின்னால் சாய்ந்தார். விழாமல் பிடித்துக்கொள்வார்கள், பயமில்லை. ஆனால் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

அதைவிடக் கஷ்டம் அந்தக் காலை நேரங்கள். மருந்தின் பலம் இல்லாமல் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்ததால், அந்த நாட்களில் மட்டும் காலை மாத்திரை போடாமல் வரச் சொல்வார்கள். முடியாவிட்டால் போட்டுக்கொண்டே வாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். இவர் கேட்க மாட்டார். மாத்திரையையும் தண்ணீரையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவோம். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் கூப்பிடு தூரம்தான். உப்பு லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும், நாங்கள் நடந்துகொண்டே இருப்போம். பஸ் படியில் வந்து நின்றால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் நிற்பவர்கள், "ஏறுய்யா பெரியவரே" என்பார்கள். ஏறத்தான் நினைக்கிறார், கால் கேட்க வேண்டுமே.

ஒருநாள் எனக்கு என்ன தோன்றியதோ, அவர் காதருகே குனிந்து, "போலாம், ரைட்" என்றேன். கால் எழும்பிவிட்டது. படியில் ஏறி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் நோய் வந்தபிறகு அபூர்வமாகிவிட்ட சிரிப்பு இருந்தது. அதிலிருந்து கதவு நிலை, ஆஸ்பத்திரி வராந்தா, எங்கே நின்றுபோனாலும் நான் அதைத்தான் சொன்னேன். டாக்டரம்மாவும் கற்றுக்கொண்டார். தாளம், சத்தம் எதையாவது கேட்டால் உறைந்த கால் எழும்பும், அது பலருக்கும் நடப்பதுதான் என்றார். என் கணவருக்கு அது தன் பஸ் தனக்குச் செய்த உபகாரம்.

எங்கள் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வந்திருந்தபோது ஒருமுறை அந்தக் காலை நேரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டாள். அவர் திரும்பி வந்து படுத்ததும் என்மேல் பாய்ந்தாள்.

"எதுக்கும்மா அப்பாவ இந்தப் பாடு படுத்துற? அவங்களுக்கென்ன, எழுதிக்கிட்டுப் போவாங்க. அப்பாவுக்கு இதால என்ன நல்லது நடந்துச்சு?"

உள்ளே படுத்திருந்தவர் காதில் விழுந்துவிட்டது. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். குரல் அப்போது கிசுகிசுப்பாகத்தான் வரும். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"டாக்டரம்மாகிட்ட கேட்டேன், என் பொண்ணுக்கும் இது வருமான்னு. பெரும்பாலும் பரம்பரையா வர்றதில்ல, ஆனா நூத்துக்கு நூறு சொல்ல முடியாதுன்னாங்க. அவங்களுக்கே முழுசாத் தெரியலம்மா. தெரிஞ்சிக்கத்தான் போறேன்."

சென்னைக்குத் திரும்பும்வரை அவள் அவர் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கடைசி இரண்டு வருஷம் அவர் தன்னால் எதையும் செய்துகொள்ள முடியாமல் போனார். விழுங்குவது கஷ்டமாகிவிட்டது. கஞ்சியைக்கூடக் கெட்டியாகக் கரைத்து ஸ்பூனால் ஊட்டுவேன். அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு ஊட்டிவிட்டு வந்து அவருக்கு ஊட்டுவேன். பஸ்ஸில் போக முடியாததால் டாக்டரம்மாவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்தார். அப்படி வந்த ஒருநாள்தான் அந்தப் பேச்சு வந்தது. இறந்தபின் மூளையைக் கொடுத்தால் உயிரோடு இருந்தபோது பார்த்ததையெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், இவ்வளவு வருஷம் விடாமல் வந்த ஒருவருடையது கிடைப்பது அரிது என்றார். கேட்கவே அவருக்குத் தயக்கம். "இதுக்கு இப்பவே பதில் சொல்ல வேணாம் சார்" என்றார்.

"எடுத்துக்கோங்கம்மா" என்றார் என் கணவர். டீ வேண்டுமா என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அவருடைய அண்ணன் விவசாயி, பக்கத்துத் தெருவில் இருக்கிறார். விஷயம் தெரிந்ததும் வந்து குதித்தார்.

"ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா? தலைய வெட்டிக் குடுத்துட்டு அவன எப்பிடிப் பொதைக்கிறது? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"அவரு ஆசப்பட்டது மாமா. முகம் மாறாதாம். பாத்தா தெரியாதாம்."

"எனக்குத் தெரியுமில்ல" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் தம்பியைப் பார்க்க வருவார், என்னோடு பேச மாட்டார்.

அந்த வருஷம் கார்த்திகையில் அவருக்குச் சளி பிடித்து நெஞ்சில் கட்டிக்கொண்டது. உள்ளூர் டாக்டர் மருந்து கொடுத்தார், பாண்டிக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது என்றார். அதற்குள் புயல் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கரைக்குப் புயல் புதிதில்லை. ஆனால் அந்த மழை வேறு மாதிரி பெய்தது. விடிந்து பார்த்தால் உப்பளம், ரோடு, வயல் எதற்கும் எல்லை தெரியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீர். கரண்ட் இல்லை. போனில் டவர் இல்லை.

காலையில் அவருக்கு வாய் துடைக்கப் போனேன். மூச்சு இழுத்தது. தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு நடுக்கம் நின்றது. அத்தனை வருஷம் கழித்து அந்தக் கை சும்மா இருந்தது.

நான் அழவில்லை, அழ நேரமில்லை. சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தண்ணீரில் நடந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "மாமா, உங்க தம்பி போயிட்டாரு. அவர பாண்டிக்குக் கொண்டு போவணும்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினார்.

டிராக்டர் வைத்திருப்பவரை எழுப்பி, வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவர இரண்டுபேருமாகக் கிளம்பிப் போனார்கள். நான் அவரைக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, தயாராக வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். மழையில் டிராக்டர் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அண்ணன் நடந்துதான் வந்தார். நெஞ்சுவரை நனைந்திருந்தார். கூனிமேட்டைக்கூட எட்ட முடியவில்லை. ரோட்டை அறுத்துக்கொண்டு தண்ணீர் போகிறது, மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன, டிராக்டர் பள்ளத்தில் நின்றுவிட்டது. உள்பக்க வழியாகவும் போய்ப் பார்த்திருக்கிறார். ஏரி நிரம்பி அந்த ரோடும் இல்லை.

"வேணான்னு சொன்னவன்தாம்மா நானு" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஆனா அவன் கேட்டத செய்யணும்னுதான் போனேன். முடியலம்மா. முடியல."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. புயல் செய்தி கேட்டுக் கிளம்பிய மகள் மறுநாள் எப்படியோ வந்து சேர்ந்தாள். மேட்டு நிலத்தில் ஓர் இடம் பார்த்து, ஊறிவந்த தண்ணீரை இறைத்து இறைத்துக் குழி வெட்டினார்கள். கொடுக்கிறேன் என்று சொன்னதைக் கொடுக்காமலே அவரை அனுப்பிவைத்தேன்.

காரியம் முடிந்து ரோடு சரியானதும் பாண்டிக்குப் போனேன். டாக்டரம்மாவுக்குப் போனில் சொல்லியிருக்கலாம். நேரில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. என்னைத் தனியாகப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சொன்ன வாக்க காப்பாத்த முடியலம்மா. தண்ணி விடல" என்றேன்.

"அம்மா, அப்படிச் சொல்லாதீங்க. ஒரு தடவகூட நிக்காம வந்தவர் அவர். வந்துட்டு நின்னுபோனவங்கதான் அதிகம். அவர் நடந்தது, எழுதினது, அந்தக் கருவாட்டுக் கூடை கதை, எல்லாம் இங்க இருக்கு. அது தண்ணில போகல." அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "ஆனா பொய் சொல்ல மாட்டேன். அதுவும் கிடைச்சிருந்தா ரொம்ப உதவியா இருந்திருக்கும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவரை மதிக்கிறேன். ஒன்றும் நஷ்டமில்லை என்று அவர் சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. என் கணவர் கொடுக்க நினைத்தது பெரிய பொருள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

நீங்கள் இனி வரவேண்டிய அவசியமில்லை, இஷ்டமிருந்தால் வரலாம் என்றார். நோயில்லாத உடம்புக்கு எப்படி வயதாகிறது என்று தெரிந்தால்தான், எது வயது, எது நோய் என்று பிரிக்க முடியுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். கதவுவரை போய்த் திரும்பி வந்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போதும் போகிறேன். ரத்தம் கொடுக்கிறேன், நேர்க்கோட்டில் நடக்கிறேன், தோளைப் பிடித்து இழுத்தால் விழாமல் நிற்கிறேன். எந்த மருந்தும் இன்னும் வந்துவிடவில்லை. நான் இருக்கும்போது வருமா என்று ஒருதரம் கேட்டேன். தெரியாது என்றார். வீட்டுக்குத் திரும்பினால் இன்னா சொன்னாங்க என்று கேட்க ஆளில்லை. காலையில் வைத்த குழம்பைச் சூடுபண்ணி, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

போன தடவை புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கதை அவளுக்குத் தெரியாது. தூக்கம் வருகிறதா, பசி இருக்கிறதா, எதிலாவது ஆர்வம் குறைந்திருக்கிறதா. கடைசியாக, "காரணமில்லாம அழுகை வருதாம்மா?" என்று கேட்டாள்.

"வருது. காரணத்தோடதான் வருது" என்றேன். "அதையும் நோய்னு எழுதிடுவீங்களா?"

அவள் என்ன செய்வதென்று தெரியாமல் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.